தோற்ற மறுநாள்

ஆரணி என்றதும் பலருக்கும் பட்டுப்புடவைதான் நினைவுக்கு வரும். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி இருக்கிறது. பெரியபாளையத்துக்குப் பக்கத்தில், ஆரணியாற்றின் கரையில் இருக்கும் சிறிய பேரூராட்சி அது. ஒரு பக்கம் வயல், இன்னொரு பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ஷிப்டுக்குப் போகிறவர்கள் என்று வாழும் பகுதி.

ஆடி பிறந்தால் இந்தப் பக்கத்துச் சாலைகளில் நடக்க இடம் இருக்காது. பெரியபாளையம் பவானி அம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் அப்படி. அதே நாட்களில், அந்தக் கூட்டத்தின் சத்தத்துக்கு நடுவே யாரும் கவனிக்காத இன்னொரு திருவிழாவும் தொடங்கிவிடும். அதுதான் பள்ளி விளையாட்டுப் போட்டிகளின் காலம். முதலில் குறுவட்டம், அதில் ஜெயித்தால் மாவட்டம், அதிலும் ஜெயித்தால் மாநிலம். மூன்று படிகள். முதல் படியிலேயே இறங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனைக் கற்பனை செய்து பார்ப்போம். 400 மீட்டர் ஓடுகிறவன். மே மாதம் முழுக்க விடியற்காலையில் எழுந்து ரோட்டோரமாக ஓடிப் பழகியிருக்கிறான். குறுவட்டப் போட்டியில் ஐந்தாவதாக வருகிறான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்த அப்பா கேட்கிறார்:

"என்னடா ஆச்சு?"

"அஞ்சாவதுப்பா."

"சரி விடு. போதும் ஓடினது. இனிமே படிப்பைப் பாரு."

அவ்வளவுதான். அந்த மூன்று வாக்கியங்களோடு ஒரு விளையாட்டு வாழ்க்கை முடிந்துவிடுகிறது. அப்பா கெட்டவர் இல்லை. கோபத்தில் சொன்னதும் இல்லை. பையனுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த ஆறுதல்தான் பல பிள்ளைகளை மைதானத்தை விட்டு வெளியே அனுப்புகிறது என்பது கசப்பான உண்மை.

போட்டிக் காலம் தொடங்கும்போது எல்லோரும் மன உறுதியைப் பற்றிப் பேசுகிறார்கள். பள்ளி அசெம்பிளியில் பேசுகிறார்கள், வீட்டில் பேசுகிறார்கள். "நம்பிக்கையோடு போ, ஜெயிச்சுட்டு வா" என்கிறார்கள். ஜெயித்தால் என்ன செய்வது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தோற்றால் மறுநாள் காலை என்ன செய்வது? அதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. ஒரு வீரரின் மன உறுதி எவ்வளவு என்பது போட்டிக்கு முதல்நாள் தெரியாது, தோற்ற மறுநாள்தான் தெரியும். அந்த மறுநாளுக்குச் சீசன் தொடங்கும்போதே தயாராக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

திருவள்ளூர்ப் பெண்ணின் பாடம்

இதற்கு உதாரணம் தேடி வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். இதே திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்தான் பாரா பேட்மிண்டன் வீராங்கனை மனிஷா ராமதாஸ். பிறக்கும்போதே வலது கையில் ஏற்பட்ட நரம்புப் பாதிப்போடு வளர்ந்தவர். கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்.யு.5 பிரிவில் ஆடுகிறார். 2022 நவம்பரில் டோக்கியோவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 17. அந்த ஆண்டின் சிறந்த பாரா பேட்மிண்டன் வீராங்கனை என்ற விருதையும் உலக பேட்மிண்டன் கூட்டமைப்பு அவருக்கே கொடுத்தது.

17 வயதில் உலகச் சாம்பியன். அதற்குப் பிறகு எல்லாம் ஏறுமுகமாகத்தானே இருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. மறு வருடம், 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசிய பாரா விளையாட்டில் ஒற்றையரில் அவருக்குக் கிடைத்தது வெண்கலம். தங்கம் வென்றவர் பக்கத்து மாவட்டமான காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன்.

அடுத்து 2024 பாரிஸ் பாராலிம்பிக். அரையிறுதியில் மீண்டும் துளசிமதியே எதிரில் நின்றார். முதல் கேம் 23-21 என்று போனது. பேட்மிண்டனில் 21 புள்ளி எடுத்தால் கேம் முடிந்துவிடும், ஆனால் 20-20 என்று வந்துவிட்டால் இரண்டு புள்ளி முன்னிலை வேண்டும். அதாவது ஜெயிப்பதற்கு ஓர் அடி தூரம் வரை போய் அந்த கேமை விட்டார் மனிஷா. இரண்டாவது கேமும் 17-21. இறுதிப் போட்டிக் கனவு முடிந்தது. தோற்றது முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரரிடம் இல்லை, ஒரே அணியில் கூட வந்த சொந்த மாநிலத்துக்காரரிடம். அந்த வலி தனி.

மறுநாள், செப்டம்பர் 2, வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டம். எதிரில் டென்மார்க்கின் கேத்ரின் ரோசன்கிரென். முதல்நாள் தோல்வியைத் தலையில் சுமந்துகொண்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனிஷா ஜெயித்தார். 21-12, 21-8. சந்தேகத்துக்கே இடமில்லாத வெற்றி.

அன்றைக்கு இறுதிப் போட்டியில் துளசிமதியும் தோற்றார். ஹாங்சோ இறுதியில் தான் வீழ்த்திய அதே சீன வீராங்கனை யாங் கியூஷியாவிடம் இப்போது தோற்று வெள்ளி வாங்கினார். ஆக, அந்த இரண்டு நாட்களில் தமிழ்நாட்டின் இரண்டு பெண்களுமே தோற்றார்கள், இருவருமே பதக்கத்தோடு வந்தார்கள். இருவருக்கும் அர்ஜுனா விருதும் கிடைத்தது. பதக்கப் பட்டியலைப் பார்க்கிறவர்களுக்கு வெள்ளியும் வெண்கலமும்தான் தெரியும். அரையிறுதிக்கும் வெண்கல ஆட்டத்துக்கும் நடுவே இருந்த அந்த ஓர் இரவு தெரியாது. மனிஷாவின் வெண்கலத்துக்குப் பாதி விலை அந்த இரவில் கொடுக்கப்பட்டது என்றால் மிகையாகாது.

நூறில் ஒரு பங்கு

தடகளத்திலும் இதே கதைதான். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் போனது ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில். இந்தியாவில் இன்றைக்கும் அந்தத் தோல்வியைப் பேசாதவர் இல்லை. ஆனால் அடுத்த வருடம் என்ன நடந்தது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1985 ஜகார்த்தா ஆசியத் தடகளப் போட்டியில் அதே உஷா ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும் வாங்கினார். நூறில் ஒரு பங்கு விநாடியை நினைத்து மூலையில் உட்கார்ந்திருந்தால் அந்த ஐந்து தங்கம் ஏது?

உஷாவின் 55.42 விநாடி தேசிய சாதனையாக 39 வருடம் நின்றது. அதைச் சமன் செய்தவர் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். 2023 அக்டோபர் 2 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டின் தகுதிச் சுற்றில் அவரும் சரியாக 55.42 விநாடியில் ஓடினார். அன்றைக்கே கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடி வெள்ளி. மறுநாள் தடை ஓட்ட இறுதிப் போட்டி. ஊரே சாதனையை முறியடிப்பார் என்று எதிர்பார்த்தது. அவர் ஓடியது 55.68. முந்தைய நாளைவிட மெதுவாகத்தான். ஆனாலும் வெண்கலம் கிடைத்தது. அதற்கும் மறுநாள் பெண்கள் தொடர் ஓட்டத்தில் இன்னொரு வெள்ளி. மூன்று நாட்களில் மூன்று பதக்கம். நேற்றைய சாதனையையும் சரி, நேற்றைய ஏமாற்றத்தையும் சரி, மறுநாள் ஓட்டத்துக்குள் எடுத்துக்கொண்டு போகாதவருக்குத்தான் இது முடியும்.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவை எல்லோருக்கும் தெரியும். சிறு வயதில் பஸ் மோதிக் கால் பாதிக்கப்பட்டவர். அம்மா காய்கறி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். 2021ல் டோக்கியோ. தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்த வேண்டியவர் அவர்தான். விமானத்தில் கூட வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததால் விழாவுக்கே போக முடியவில்லை. போட்டியன்று மழை வேறு. சாக்ஸ் நனைந்து சிரமப்பட்டதாக அவரே பிறகு சொன்னார். 1.86 மீட்டரோடு வெள்ளி. இன்னொருவராக இருந்தால் "ரியோவோடு என் காலம் முடிந்தது" என்று நினைத்திருப்பார். மாரியப்பன் 2024 மே மாதம் ஜப்பானின் கோபே நகரில் 1.88 மீட்டர் தாண்டி உலக சாம்பியன் ஆனார். அதே ஆண்டு பாரிஸில் வெண்கலம். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று இறங்குவதைப் போலத் தெரிகிறதா? அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியர் அவர்தான் என்று பார்த்தால் அதே வரிசை வேறு மாதிரித் தெரியும்.

பதறாத காரியம் சிதறாது

இவர்களெல்லாம் பெரிய ஆட்கள், ஆரணிப் பையனுக்கு இது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்டார்டிங் லைனில் நிற்கும்போது அவனுக்கும் அவர்களுக்கும் உடம்பில் நடப்பது ஒன்றுதான். அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. உள்ளங்கை வேர்க்கிறது. வயிற்றைப் புரட்டுகிறது. இது பயந்தாங்கொள்ளித்தனம் இல்லை. ஓடுவதற்கு உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிற முறை இது. அமெரிக்காவின் ஹார்வர்டைச் சேர்ந்த ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014ல் வெளியிட்ட ஆய்வில், பதற்றத்தை அடக்க முயன்றவர்களைவிட அதையே உற்சாகம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்ததாகக் கண்டார். "படபடப்பு வரக்கூடாது" என்று பிள்ளைக்குச் சொல்வதைவிட, "படபடப்பு வரும், வரட்டும், அது உனக்கு உதவத்தான் வருது" என்று சொல்வது மேல்.

சீசனின் முதல் போட்டியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல பயிற்சியாளர்கள் வீரரின் உச்ச வேகத்தை முக்கியமான போட்டிக்குத்தான் திட்டமிடுவார்கள். தொடக்கத்தில் கடும் பயிற்சியின் களைப்பு கால்களில் இருக்கும். அதனால் முதல் ஓட்டம் மெதுவாக இருப்பது பெரும்பாலும் இயல்பு. அந்த ஒரு ஓட்டத்தை வைத்து ஒருவரின் திறமையை எடை போடுவது, நாற்று நட்ட மறுநாள் வயலுக்குப் போய் நெல்லைத் தேடுவது மாதிரி.

ஆனால் பள்ளிப் போட்டி முறையில் சிக்கலே இங்கேதான். குறுவட்டத்தில் தோற்றவனுக்கு அந்த வருடம் மாவட்டமும் இல்லை, மாநிலமும் இல்லை. அவனுடைய சீசன் தொடங்கிய அன்றே முடிந்துவிடுகிறது. அடுத்த வாய்ப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பதினைந்து வயதில் ஒரு வருடம் என்பது ஒரு யுகம். அதற்குள் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு வந்துவிடும். "மனசைத் தளரவிடாதே" என்று வாயால் சொல்லிவிட்டு, மறுபடி ஓடுவதற்கு ஒரு போட்டியும் கொடுக்காமல் விட்டால் அந்த அறிவுரைக்கு என்ன பொருள்?

என்ன செய்யலாம்?

முதலாவது, பள்ளிகள் செய்யக்கூடியது. செலவே இல்லாத காரியம். மாதத்துக்கு ஒருநாள் எல்லா ஓட்டக்காரர்களையும் ஓடவிட்டு நேரத்தைக் குறித்துவைக்கலாம். ஒரு விசிலும் செல்போனில் ஸ்டாப் வாட்சும் போதும். ஜூலையில் 62 விநாடி ஓடியவன் அக்டோபரில் 60 விநாடி ஓடினால், அவன் எதையும் இழக்கவில்லை, இரண்டு விநாடி ஜெயித்திருக்கிறான். அதை ஒரு நோட்டில் எழுதி அவன் கண்ணுக்குக் காட்ட வேண்டும். எத்தனையாவது இடம் என்பது பக்கத்து லேனில் ஓடுகிறவனையும் பொறுத்தது. தன் நேரம் மட்டும்தான் தன் கையில் இருப்பது. முதலமைச்சர் கோப்பை போன்ற போட்டிகளுக்குத் தனியாகப் பெயர் பதிந்து கலந்துகொள்ள முடியும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அந்தத் தகவலே போய்ச் சேருவதில்லை.

இரண்டாவது, வீரர் தானே செய்ய வேண்டியது. ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் சொன்ன எளிய வழி ஒன்று உண்டு. "நன்றாகச் செய்வேன்" என்று பொதுவாக உறுதி எடுப்பதைவிட, "இப்படி நடந்தால் இப்படிச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்தால் அது நிறைவேறும் வாய்ப்பு அதிகம் என்கிறார். முதல் 200 மீட்டரில் பின்தங்கினால் கையை வேகமாக வீசுவேன். மழை வந்தால் வேறு சாக்ஸ் மாற்றிக்கொள்வேன். தோற்றால் அன்று மாலை அழுதாலும் அழுவேன், ஆனால் மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மெதுவாகவாவது இரண்டு ரவுண்டு ஓடுவேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சீசன் தொடங்கும் முன்பே எழுதி வைக்கிறவன்தான் உண்மையில் தயாரானவன். தோற்றபிறகு முடிவெடுக்கிற நிலையில் மனசு இருக்காது. முடிவு முன்பே எடுக்கப்பட்டிருந்தால் கால்கள் அதைச் செய்துவிடும்.

"போட்டிக்கு முன்னாடியே தோல்வியைப் பேசலாமா? அபசகுனம் இல்லையா?" என்று சில பெற்றோர் பதறுவார்கள். வீட்டில் டார்ச் லைட் வாங்கி வைத்தால் கரண்ட் கட் ஆகிவிடும் என்று யாராவது நினைப்பார்களா? மழைக்காலத்துக்கு முன்பு ஆரணியாற்றின் கரையைப் பலப்படுத்துவது வெள்ளத்தைக் கூப்பிடுவதற்காக இல்லையே. இதுவும் அப்படித்தான்.

மூன்றாவது, வீட்டில் செய்ய வேண்டியது. இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. மதுரை சக்கிமங்கலம் ரேவதி வீரமணியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே அப்பா அம்மாவை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி ஆரம்மாள்தான் வளர்த்தார். பள்ளி நாட்களில் காலில் ஷூ இல்லாமல் ஓடிய அந்தப் பெண்ணைப் பயிற்சியாளர் கண்ணன் கவனித்தார். பாட்டி முதலில் தயங்கினார். பொம்பளைப் பிள்ளையை ஓட அனுப்புவதா என்று சொந்தக்காரர்கள் பேசியதும் உண்டு. கடைசியில் பாட்டி அனுப்பினார். அந்தப் பெண் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகக் கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். அந்த அணி இறுதிக்குத் தகுதி பெறவில்லைதான். ஆனால் படிப்பறிவில்லாத ஒரு பாட்டி "சரி, போ" என்று சொன்ன ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் கூட்டிப்போனது என்று பாருங்கள்.

இங்கே ஒன்றை மறைக்கக்கூடாது. விடாமுயற்சி என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மற்ற எல்லாக் குறைகளையும் மூடிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழையில் மைதானமே குளமாகிவிட்டால் மன உறுதி என்ன செய்யும்? விளையாட்டு ஆசிரியர் இல்லாத பள்ளியில் யார் சொல்லித்தருவது? கம்பெனியில் ஓவர்டைம் பார்த்தால்தான் மாதம் ஓடும் என்கிற வீட்டில் முட்டையும் பாலும் தினமும் கிடைக்குமா? இதையெல்லாம் சரி செய்வது பெரியவர்களின் வேலை, பதினைந்து வயதுப் பிள்ளையின் மன உறுதிக்கு அந்தப் பாரத்தை ஏற்றுவது அநியாயம். அதே போல, காலில் காயம் பட்ட பிள்ளையை "வலியைத் தாங்கு" என்று ஓட வைப்பதும் விடாமுயற்சி ஆகாது. நிற்க வேண்டிய நேரத்தில் நின்று, குணமானதும் திரும்பி வருவதும் உறுதியில் சேர்ந்ததுதான்.

படிப்பு முக்கியம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. துளசிமதி கால்நடை மருத்துவம் படித்துக்கொண்டேதான் பாராலிம்பிக் வரை போனார். விளையாட்டு வீரர்களுக்குத் தமிழ்நாடு அரசு வேலையில் 3 சதவீத இட ஒதுக்கீடும் இருக்கிறது. ஆனால் எல்லோரும் பதக்கம் வாங்கப் போவதில்லை, எல்லோருக்கும் கோட்டாவில் வேலை கிடைக்கப் போவதும் இல்லை. தோற்ற மறுநாள் எழுந்து ஓடக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு, பிளஸ் டூவில் மார்க் குறைந்தாலும் எழுந்திருக்கத் தெரியும். முதல் இன்டர்வியூவில் வேலை கிடைக்காவிட்டாலும் அடுத்ததற்குப் போகத் தெரியும். மைதானம் கொடுக்கும் மிகப் பெரிய பரிசு அதுதான். அந்தப் பரிசை வாங்க முதலிடம் வரவேண்டிய அவசியம் இல்லை.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். முதல் அடியில் நகரவில்லையே என்று கையை எடுத்துவிடுகிறவர்களுக்கு அந்தப் பழமொழி உதவாது. அந்த ஆரணிப் பையன் ஐந்தாவதாக வந்த அன்று, நைட் ஷிப்ட் முடித்துக் களைத்து வந்த அப்பா "போதும்டா" என்று சொல்வதற்குப் பதிலாக வேறு ஒரு கேள்வி கேட்டால் போதும்.

"நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குடா எழுப்பணும்?"